பழைய திகில் சீட்டாட்டங்கள்: பயம் படத்திலிருந்து வந்ததா, விதியிலிருந்து வந்ததா?

சாம்பல்நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டொரண்டோவில் வசிக்கும் என் மாமா போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, கல்லூரியில் படித்த காலத்தில் தான் ஆடிய சீட்டுகள் என்று சொல்லி ஒரு காலணிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை 1994-இல் வெளிவந்த 'ஜிஹாட்' சீட்டுகள். 1993-இல் மேஜிக் தி கேதரிங் விளையாட்டைத் தந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட், அடுத்த ஆண்டே அதே விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த ரத்தக்காட்டேரி விளையாட்டு இது. 1995-இல் இதன் பெயர் 'வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்' என்று மாறியது.

ஒரு வாரமாக அவற்றைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். காட்டேரிகள் இருக்கும் 'கிரிப்ட்' கட்டின் பின்பக்கம் தேன் நிறம். மற்றச் சீட்டுகள் இருக்கும் 'லைப்ரரி' கட்டின் பின்பக்கம் பச்சை. காட்டேரிச் சீட்டின் ஓரத்தில் அதன் ஆற்றல்களைக் குறிக்கும் சின்னங்கள் வரிசையாக இருக்கின்றன; சதுரத்துக்குள் இருந்தால் கற்றுக்குட்டி நிலை, சாய்சதுரத்துக்குள் இருந்தால் தேர்ந்த நிலை. கீழ் மூலையில் அது எவ்வளவு ரத்தம் கொள்ளும் என்ற எண். மாமா அதிகம் ஆடிய சீட்டுகள் எவை என்பது ஓரங்கள் வெளுத்துப் பஞ்சு போல ஆகியிருப்பதிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் காலத்துத் திகில் சீட்டாட்டங்கள் எங்கிருந்து தங்கள் கருவை எடுத்தன என்பதைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தன் மூலத்திலிருந்து படத்தையும் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்ட விளையாட்டு வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது; மூலத்தின் பயத்தையே விதியாக மாற்றிக்கொண்ட விளையாட்டுதான் 30 ஆண்டுகள் கழிந்தும் ஆடுபவரை உறுத்துகிறது. ஜிஹாடில் ஒவ்வொருவரும் 30 வில்லைகளோடு ஆட்டத்தைத் தொடங்குகிறோம். அவை தீர்ந்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். அதாவது அவைதான் நம் உயிர். ஆனால் ஒரு காட்டேரியைக் களத்துக்குக் கொண்டுவரவும் அதே வில்லைகளைத்தான் செலவழிக்க வேண்டும். பத்து அளவு ரத்தம் கொள்ளும் மூத்த காட்டேரி வேண்டுமென்றால் நம் உயிரிலிருந்து பத்து வில்லைகளை எடுத்து அதன் மேல் வைக்கிறோம். காட்டேரிக்கு ரத்தம் கொடுப்பவர் நாமே. இதைவிட நேர்மையாக ஒரு காட்டேரிக் கதையைச் சீட்டில் சொல்ல முடியுமா?

கோட்டைவாசல் எழுதியது:

நல்ல தொடக்கம், சாம்பல்நிலா அவர்களே. ஆனால் படத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். திகில் சீட்டுகளின் முதல் ஊற்று சினிமாதான். அதிலும் குறிப்பாக, தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் நுழைந்த பழைய சினிமா. 1957-இல் அமெரிக்காவில் 'ஷாக் தியேட்டர்' என்ற பெயரில் யுனிவர்சல் நிறுவனத்தின் 52 பழைய படங்கள் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டன. 1930-களில் திரையரங்கில் ஓடி முடிந்த டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைனும் ஒரு புதிய தலைமுறைப் பிள்ளைகளுக்கு இரவுநேர விருந்தாளிகள் ஆனார்கள். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் அதே இரண்டு கதைகளை வண்ணத்தில் எடுத்தது. மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் வந்த பூதச் சீட்டுகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

சீட்டாட்டம் என்று பார்த்தால் நான் முதலில் காட்ட விரும்புவது 1978-இல் இங்கிலாந்தில் டூப்ரெக் நிறுவனம் வெளியிட்ட திகில் 'டாப் டிரம்ப்ஸ்' கட்டுகளை. டிராகுலா கட்டு, பேய்ப் பூசாரி கட்டு என்று இரண்டு. ஒவ்வொரு சீட்டிலும் உடல் வலிமை, அச்சுறுத்தும் தன்மை, கொல்லும் திறன், திகில் மதிப்பு என்று நான்கு வரிசைகளில் எண்கள் இருக்கும். கையிலுள்ள மேல் சீட்டிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கூடுதல் எண் வைத்திருப்பவருக்கு எல்லாச் சீட்டுகளும் போய்ச் சேரும். 90-களில் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சில் நாம் ஆடிய டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டும் இதே ஆட்டம்தான். அங்கே உயரம், எடை, மார்பு, ரேங்க். இங்கே ரத்தமும் கோரைப்பல்லும்.

அந்தத் திகில் கட்டின் படங்களில் பல, பழைய திரைப்படங்களின் விளம்பரப் புகைப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. படம் பார்த்துப் பழகியவர் ஒரு பார்வையிலேயே முகத்தை அடையாளம் கண்டுகொள்வார். பெயரை மட்டும் மாற்றி, ரத்தத்தைக் கொஞ்சம் கூட்டி அச்சடித்துவிட்டார்கள். அதில் விதி என்று எந்தப் பயமும் இல்லை; எண் பெரியதா சிறியதா என்பது மட்டுமே. இருந்தும் அந்தக் கட்டை வைத்து ஆடிய பிள்ளைகள் இரவில் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் தூங்கினார்கள் என்று அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் படத்தில்தானே இருந்தது?

சாம்பல்நிலா எழுதியது:

கோட்டைவாசல் அவர்களே, அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதையே இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், சினிமா கொடுத்தது வெறும் முகங்களை மட்டுமல்ல என்று தெரிகிறது. நாம் 'பழங்காலத்து நம்பிக்கை' என்று எண்ணிக்கொண்டிருக்கும் விதிகளில் பலவற்றையும் அதுவே கொடுத்தது. சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழியும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிராம் ஸ்டோக்கரின் 1897-ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா லண்டன் பிக்காடில்லி தெருவில் பட்டப்பகலில் நடந்து போகிறான். ஆற்றல் குறையுமே தவிர, சாவதில்லை. வெளிச்சத்தில் காட்டேரி கரைந்து போவது 1922-இல் முர்னாவ் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' படத்தில் வந்த கற்பனை. ஓநாய் மனிதனைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டே அல்ல. 1941-ஆம் ஆண்டுப் படத்துக்காகத் திரைக்கதை ஆசிரியர் கர்ட் சியோட்மாக் எழுதியது. பின்னாளில் பலர் அதைப் பழைய ஐரோப்பியப் பாடல் என்றே நம்பிவிட்டார்கள்.

ஜிஹாடின் மூலம் 1991-இல் மார்க் ரைன்-ஹேகன் உருவாக்கி ஒயிட் வுல்ஃப் வெளியிட்ட 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற, பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டு. அதில் காட்டேரிகள் குலங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். அந்தக் குலப் பட்டியலே காட்டேரி இலக்கியத்தின் வம்சாவளி போல இருக்கிறது. நொஸ்ஃபெராட்டு குலத்தினர் விகாரமானவர்கள், சாக்கடைச் சுரங்கங்களில் வாழ்பவர்கள். அவர்களுடைய பெயரும் மொட்டைத் தலையும் 1922-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தவை. வெண்ட்ரூ குலத்தினர் ஆளப் பிறந்தவர்கள், டொரியடோர் குலத்தினர் கலையில் மயங்குபவர்கள்; இந்தப் பிரபுத்தனமான காட்டேரி ஆங்கில உரைநடைக்குள் வந்தது 1819-இல், ஜான் பொலிடோரி எழுதிய 'தி வாம்பயர்' கதையில். அதற்கு முன் கிராமத்துக் கதைகளில் காட்டேரி என்பது புதைகுழியிலிருந்து எழுந்து வரும் உப்பிய பிணம். பட்டாடை உடுத்தி விருந்துக்கு வருவதெல்லாம் கிடையாது.

பொலிடோரியின் கதை பிறந்த இடம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. 1816-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும், பின்னாளில் ஷெல்லியின் மனைவியான மேரியும், பொலிடோரியும் மழையால் அடைபட்டுக் கிடந்தார்கள். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னதன் விளைவாக ஒரு பக்கம் பிராங்கன்ஸ்டைன் பிறந்தது. பைரன் தொடங்கிப் பாதியில் விட்ட துண்டை எடுத்து வளர்த்துப் பொலிடோரி தன் காட்டேரியைப் படைத்தார். நம் கையில் இருக்கும் சீட்டுகளில் பாதி அந்த ஒரு வீட்டின் வாரிசுகள்.

இன்னொன்று. மாஸ்கரேட் விளையாட்டில் முதல் காட்டேரி, விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயின். சீட்டாட்டத்தில் ஆடுபவர்களாகிய நாம் 'மெதூசலா'க்கள். அதுவும் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாக ஆதியாகமம் சொல்லும் முதியவரின் பெயர். நாம் நேரடியாகக் களத்தில் இறங்குவதில்லை. இளைய காட்டேரிகளை ஏவிவிட்டுப் பின்னால் அமர்ந்திருக்கிறோம். இடப்பக்கம் இருப்பவர் நம் இரை, வலப்பக்கம் இருப்பவர் நம் வேட்டையாளர். ஒரே மேசையில் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் துரத்துபவராகவும் துரத்தப்படுபவராகவும் இருப்பது எந்தப் படத்தாலும் தர முடியாத பயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மேசைவிளக்கு எழுதியது:

வணக்கம். இந்த உரையாடலில் 1996-ஆம் ஆண்டின் 'மித்தோஸ்' விளையாட்டு இதுவரை வராமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சாம்பல்நிலா அவர்களின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மித்தோஸை வெளியிட்டது கேயோசியம் நிறுவனம். அதே நிறுவனம் 1981-இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் கதுல்ஹு' மேசை விளையாட்டை வெளியிட்டிருந்தது. இரண்டுக்கும் மூலம் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட். 1890-இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து 1937-இல் அங்கேயே வறுமையில் இறந்தவர். அவர் எழுதியது பெரும்பாலும் 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவுத்தாள் இதழ்களில். அவர் கதைகளில் பேய் வந்து கழுத்தைப் பிடிப்பதில்லை. மனிதனுக்குப் புரியாத, மனிதனைப் பொருட்படுத்தவே செய்யாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை ஒருவர் தெரிந்துகொள்கிறார். தெரிந்துகொண்டதாலேயே அவர் புத்தி பேதலிக்கிறது. பயம் என்பது அறிவின் விலை.

பீட்டர்சன் இதை 1981-இல் எண்ணாக மாற்றினார். அதுவரை மேசை விளையாட்டுகளில் பாத்திரத்துக்கு உயிர்ப்புள்ளிகள் இருந்தன. இங்கே புத்திநிலைப் புள்ளிகள் வந்தன. விலக்கப்பட்ட நூல்களைப் படித்தால் பாத்திரத்தின் 'கதுல்ஹு மித்தோஸ்' அறிவு, அதாவது அந்தப் புரியாத சக்திகளைப் பற்றிய அறிவு, உயரும். அது உயர உயரப் புத்திநிலையின் உச்ச வரம்பு தாழும். 99-இலிருந்து அந்த அறிவைக் கழித்தால் வருவதுதான் இனி அவர் எட்டக்கூடிய அதிகபட்சம். எத்தனை நாள் ஓய்வெடுத்தாலும் படித்ததைப் படிக்காமல் இருந்த நிலைக்கு அவர் திரும்ப முடியாது. ஒரு எழுத்தாளரின் முழு உலகப்பார்வையும் ஒரு கழித்தல் கணக்கில் அடங்கிவிட்டதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மித்தோஸ் சீட்டாட்டம் அந்தப் புத்திநிலையை எடுத்துக்கொண்டு, வேறொன்றையும் சேர்த்தது. அதில் 'சாகசம்' என்று ஒரு வகைச் சீட்டு உண்டு. அதில் ஒரு சிறிய கதை அச்சாகியிருக்கும். கதையில் வரும் இடம், நூல், ஆள், பூதம் ஆகியவற்றுக்கு உரிய சீட்டுகள் ஏற்கெனவே ஆடப்பட்டிருந்தால்தான் அந்தச் சாகசம் நிறைவேறும். புள்ளி கிடைப்பது அதற்கே. எதிராளியை அடித்து வீழ்த்துவதைவிட, சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து ஒரு கதையை முடிப்பதுதான் அங்கே ஆட்டம்.

இப்போது வியர்ட் டேல்ஸின் 1928 பிப்ரவரி இதழில் வந்த லவ்கிராஃப்டின் 'கதுல்ஹுவின் அழைப்பு' கதையின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன பெரிய தாத்தாவின் காகிதங்களை ஒருவர் பிரிக்கிறார். அதில் ஒரு களிமண் புடைப்புச் சிற்பம், காவல்துறை ஆய்வாளர் ஒருவரின் வாக்குமூலம், செய்தித்தாள் நறுக்கு, கடைசியில் ஒரு மாலுமியின் கையெழுத்துப் பிரதி. தனித்தனியாக எதற்கும் பொருள் இல்லை. எல்லாம் ஒன்றுசேரும்போது விபரீதம் வெளிப்படுகிறது. மனித மனத்தால் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க முடியாதது பெரிய வரம் என்றுதான் அந்தக் கதையே தொடங்குகிறது. மித்தோஸில் நாம் செய்வது அந்த விலக்கப்பட்ட இணைப்பைத்தான். சாகசத்தை முடிக்க வேண்டும் என்றால் பூதத்தையும் அந்தக் கேடுகெட்ட நூலையும் நாமே மேசைக்கு அழைத்தாக வேண்டும்.

கோட்டைவாசல் எழுதியது:

மேசைவிளக்கு ஐயா, நன்றி. களிமண் சிற்பத்தையும் செய்தித்தாள் நறுக்கையும் சீட்டுகளாக எண்ணிப் பார்த்தது எனக்குப் புதிய வெளிச்சம். நான் சினிமாவுக்காக வாதாடினாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேஜிக் விளையாட்டில் சீட்டுகள் நிறவாரியாகப் பிரிந்திருக்கும்; அதன் முதல் பதிப்பை எடுத்து, சாவையும் இருளையும் குறிக்கும் கறுப்புச் சீட்டுகளைப் பார்த்தபோது, அங்கே சினிமாவைவிடக் கவிதை அதிகமாக இருப்பதைக் கண்டேன். பிணங்கள் எழுந்து நிற்கும் 'ஸ்கேத் ஜாம்பிஸ்' சீட்டின் அடியில் இருப்பவை கோல்ரிட்ஜின் முதிய மாலுமிப் பாடலின் வரிகள்: கப்பலில் செத்து விழுந்த மாலுமிகள் முனகி, அசைந்து, எழுந்து நிற்கும் இடம். 'பிளேக் ரேட்ஸ்' சீட்டிலும் கோல்ரிட்ஜ்தான். 'ஃப்ரோஸன் ஷேட்' சீட்டில் எட்கர் ஆலன் போவின் 'மௌனம்' கவிதை. 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்குப் பிறகு ஜாம்பி என்றாலே நினைவுக்கு வரும் மனித இறைச்சி தின்னும் கூட்டத்தை விட்டுவிட்டு, 1798-ஆம் ஆண்டின் கப்பல் பிணங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதோடு 1994 ஆகஸ்டில் வந்த 'தி டார்க்' தொகுப்பையும் சொல்ல வேண்டும். 119 சீட்டுகள், மேஜிக்கின் முதல் கலை இயக்குநர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ் முன்னின்று உருவாக்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு என்பது அதன் கரு. அதனால் நன்மையின் நிறமாகிய வெள்ளையில் சூனியக்காரி வேட்டையாளனும் மதவிசாரணையும் வருகின்றன. ஐரோப்பாவில் உண்மையாகவே மனிதர்கள் மனிதர்களை எரித்த வரலாறு, பூதங்களோடு ஒரே தொகுப்பில் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அதே தொகுப்பில் பிராங்கன்ஸ்டைனின் பிராணி ஒரு சீட்டு. அதை ஆட வேண்டுமானால் நம் இடுகாட்டில், அதாவது ஆடி முடிந்த சீட்டுகளின் குவியலில், கிடக்கும் உயிரினச் சீட்டுகளில் வேண்டிய அளவை எடுத்து ஆட்டத்தைவிட்டே நீக்க வேண்டும். நீக்கிய ஒவ்வொன்றுக்கும் பிராணியின் வலிமை கூடும். தாக்கும் பக்கம் கூட்டவா, தாங்கும் பக்கம் கூட்டவா, இரண்டிலும் பாதிப் பாதியா என்பதை நாமே தீர்மானிக்கலாம். பிணவறையிலும் கசாப்புக் கூடத்திலும் பொறுக்கிய துண்டுகளை விக்டர் தைப்பதை மேரி ஷெல்லி 1818-இல் எழுதினாரே, அதே வேலையை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டார்கள். தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் 1931-ஆம் ஆண்டுப் படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் வடிவமைத்த முகத்தைச் சேர்ந்தவை. இந்த விதிக்கு அவை தேவையே இல்லை. சாம்பல்நிலா அவர்களின் பக்கம் நான் ஓர் அடி நகர்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழிமுத்து எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். எல்லோரும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றியே வருகிறீர்கள். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஒசாக்காவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். திகில் உருவங்களைச் சீட்டாக்கிச் சேர்க்கும் பழக்கம் ஜப்பானில் எடோ காலத்திலேயே (1603–1868) இருந்தது. 'ஒபாகே கருதா' என்று பெயர். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதத்தின் படமும் ஹிரகானா என்ற ஜப்பானிய நெடுங்கணக்கின் எழுத்து ஒன்றும் இருக்கும். ஒருவர் குறிப்பு வரியைப் படிப்பார். அதற்குரிய பூதத்தைச் சுற்றி இருப்பவர்கள் பாய்ந்து எடுக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது யாரிடம் அதிகம் பூதங்கள் இருக்கின்றனவோ அவருக்கே வெற்றி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இது பரவலாக ஆடப்பட்டது.

இதன் பின்னணியில் இருப்பது சினிமாவும் அல்ல, நாவலும் அல்ல; பட்டியல். 1776-இல் தொரியாமா செக்கியென் என்ற ஓவியர் நாட்டில் வழங்கிய பூதங்களை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, பெயரோடு வரைந்து படநூலாக வெளியிட்டார். தாவரங்களையும் மீன்களையும் வகைப்படுத்தும் நூல்கள் போலவே பூதங்களுக்கும் ஒன்று. அதற்கு முன் நீண்ட சுருள் ஓவியங்களில் கூட்டமாக ஊர்வலம் போன பூதங்கள், அந்த நூலில் தனித்தனிப் பக்கத்தில் நின்றன. பெயரோடு தனித்து நிற்கும் உருவத்தைத்தானே வெட்டிச் சீட்டாக்க முடியும்? சாம்பல்நிலா அவர்கள் விதி என்கிறார்; கோட்டைவாசல் அவர்கள் படம் என்கிறார். இரண்டுக்கும் முன்னால், அச்சத்தைப் பெயரிட்டுப் பிரித்து எண்ணும் மனம் ஒன்று வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். நான் ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த சீட்டு ஒன்றில் ஒற்றைக்கால் குடைப் பூதம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு மூலை மட்டும் சிறு விரல்கள் திரும்பத் திரும்பப் பாய்ந்து எடுத்ததில் மழுங்கிப் போயிருந்தது.

மேசைவிளக்கு எழுதியது:

ஆழிமுத்து அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். பெயரிட்டு எண்ணுவது என்ற கருத்து லவ்கிராஃப்டுக்கும் பொருந்துகிறது. அவரும் அவர் நண்பர்களும் ஒருவர் கற்பித்த நூலையும் கடவுளையும் மற்றவர் தம் கதையில் எடுத்தாண்டார்கள். வேறு வேறு கைகள் எழுதிய கதைகளில் அதே பெயர்கள் திரும்பி வந்ததால்தான் அது உண்மையான புராணம் போலத் தோன்றியது. ஊர்களும் அப்படியே. அவர் கதைகளில் வரும் கற்பனை நகரான ஆர்க்கமுக்குப் பின்னால் சேலம் இருக்கிறது. கிங்ஸ்போர்ட்டுக்குப் பின்னால் மார்பிள்ஹெட். இன்ஸ்மவுத்துக்குப் பின்னால் பெருமளவு நியூபரிபோர்ட். எல்லாம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர்கள். ஆகவே மித்தோஸில் ஓர் இடச் சீட்டை வைக்கும்போது அது கற்பனையும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாக இருக்காது. இன்ஸ்மவுத் கதையின் பயம், தூரத்துக் கடல்களிலிருந்து வந்த ரத்தம் உள்ளூர்க் குடும்பங்களில் கலந்துவிட்டது என்ற பயம். அவருடைய கடிதங்களில் இனவெறுப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. கதையின் மீன்முக மனிதர்கள் அந்த வெறுப்பின் உருவங்கள். அந்தப் பயத்தின் வேர், நம்மைப் போன்றவர்களின் தோல் நிறத்தைப் பற்றியது. சீட்டாக மாறும்போது அந்த முகங்கள் வெறும் பூதங்களாகிவிடுகின்றன. வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் அந்தச் சீட்டுகளைத் தூக்கி எறியவில்லை, இன்னும் ஆடுகிறேன். ஆனால் புதிதாக ஆட வருபவர்களிடம் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கட்டைப் பிரிக்கிறேன்.

கோட்டைவாசல் எழுதியது:

இதைப் படித்ததும், மூலத்திலிருந்து எடுத்ததைப் பின்னால் கைவிட்ட இடங்களும் நினைவுக்கு வருகின்றன. மேஜிக்கின் 'அன்ஹோலி ஸ்ட்ரெங்த்' சீட்டில் வீரனின் பின்னால் எரிந்த ஐங்கோண நட்சத்திரத்தை 1995-இல் வந்த நான்காம் பதிப்பில் அழித்துவிட்டார்கள். சாத்தான் வழிபாடு என்று பெற்றோர்கள் அஞ்சிய காலம் அது. அதன்பின் 2002 வரை புதிய உயிரினச் சீட்டுகளில் 'டீமன்' என்ற வகைப்பெயரே வரவில்லை. ஜிஹாடின் பெயர் மாற்றமும் அதே ஆண்டில்தான். ஆனால் அது வேறு வகை. முஸ்லிம்களின் சமயச் சொல் ஒன்றைக் காட்டேரிகளின் ரகசியப் போருக்குப் பெயராக வைத்தது முதலிலேயே தவறு. அதை மாற்றியது சரி. நட்சத்திரத்தை அழித்தது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நட்சத்திரம் போன பிறகு, அந்த வீரனுக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் படத்தில் பதிலே இல்லை.

சாம்பல்நிலா அவர்களே, உங்கள் மாமாவின் சீட்டுகளில் இரண்டு காலத்தவையும் கலந்திருந்தால் பின்பக்கத்தைக் கவனியுங்கள். பெயர் மாறியபோது பின்பக்க வடிவமும் மாறியது. கலந்து ஆடுவதானால் ஒளி ஊடுருவாத உறைகள் போடுவது அவசியம். இல்லாவிட்டால் அடுத்து வருவது எந்தக் காலத்துச் சீட்டு என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சாம்பல்நிலா எழுதியது:

உறைகள் வாங்கிவிட்டேன், நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் மொட்டைமாடியில் அமர்ந்து மாமாவின் கட்டுகளை ஆடினோம். நடந்ததை எழுதினால் நான் தொடக்கத்தில் சொன்னதைவிடத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது மணி நேரத்தில் என் தங்கையின் மூத்த காட்டேரி சண்டையில் அடிபட்டு, ஆற்றிக்கொள்ள ரத்தம் போதாமல் செயலிழந்து கிடந்தது. இந்த ஆட்டத்தில் அப்படிக் கிடக்கும் காட்டேரியை இன்னொரு காட்டேரி வந்து கடைசித் துளிவரை உறிஞ்சிவிடலாம்; காட்டேரி உலகத்தில் அதுவே மகாபாதகம். என் தோழி தன்னுடைய சின்னஞ்சிறு காட்டேரியை அனுப்பி அதைச் செய்தாள். மூத்ததன் ரத்தமும் ஆற்றலும் சிறியதற்கு வந்துசேர்ந்தன. ஆனால் விதிப்படி உடனே ஒரு வாக்கெடுப்பு நடக்க வேண்டும்: இந்தப் பாதகத்துக்காக அந்தச் சிறியதை ஊரே வேட்டையாடிக் கொல்லலாமா என்று.

பதவி உள்ள காட்டேரிகளின் வாக்குகளை எண்ணினோம். இரண்டு பக்கமும் சமம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்குக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய 'எட்ஜ்' வில்லை என்னிடம் இருந்தது. என் தோழி என் வேட்டையாளர். அவளுடைய காட்டேரி செத்தால் எனக்கு நல்லது. ஆனால் அது செத்தால் தங்கை பலமாகிவிடுவாள், அவள் என் தோழியின் வேட்டையாளர். தோழி விழுந்தால் அடுத்து நான்தான் தங்கையின் இரை. கைக்குள் அந்த வில்லையை உருட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டது கேட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. வில்லையை வைக்காமல் கையை மூடிக்கொண்டேன். அந்தச் சிறிய காட்டேரி பிழைத்தது. அடுத்த சுற்றிலேயே அது என் பக்கம் திரும்பியது.